பிணியும் அளவறிதலும்

(பௌர்ணமிக் கூட்டத்தில் ஆற்றிய தம்ம உரை)





பிறப்பு, மூப்பு, பிணி, சாக்காடு என்று நான்கையும் ஒரே மூச்சிற் சொல்லிச் செல்வது நம் வழக்கம். சொல்லிப் பழகிய நாவிற்கு நான்கும் ஒன்றுபோலத் தோன்றும். ஆயின் அவை ஒன்றல்ல. மூப்பும் சாக்காடும் வரும் காலத்தில் வருவன. பிணியோ சிலரிடத்து நல்ல இளமையிலேயே வந்து சேர்ந்து, விருந்தினர்போலப் போய்விடாமல் வீட்டார்போலத் தங்கிவிடுகிறது. அங்ஙனம் தங்கிவிட்ட பிணியோடு ஒருவர் வாழ்வது எவ்வாறு? அவரிடத்து நாம் ஒழுக வேண்டுவது எவ்வாறு? இவ்விரு வினாக்களுக்கும் பகவான் விடை பகர்ந்திருக்கின்றார். அவ்விடையின் வரிசையை யாம் நெடுங்காலம் தலைகீழாகப் போதித்து வந்தோம். ஆதலின் முதலில் எமது பிழையைச் சொல்லிப் பின்னர்ப் பகவான் உரைத்ததைச் சொல்லுவோம்.

எமது பிழை

எமது வட்டத்தில் ஒரு சகோதரி உண்டு. பெயர் வேண்டா. மும்பை பரேல் பக்கத்தில், ஆலைத் தொழிலாளர் வாழும் பழைய சால் ஒன்றின் மூன்றாம் மாடியில் ஓரறைக் குடும்பம். கணவர், மாமியார், இரு குழந்தைகள். வீட்டு வேலையோடு தையலும் உண்டு. ஞாயிறுதோறும் விகாரையிற் பிள்ளைகளுக்குத் தம்ம பாடம் படித்துக் காட்டுபவரும் அவரே.

இவருக்கு ஒருசமயம் ஒரு கண்ணிற் பார்வை மங்கிற்று. விழியை அசைத்தால் வலித்தது. சில வாரங்களில் அது தானே தெளிந்தது. ஓராண்டு கழிந்தபின் இடக்காலில் மரமரப்பு. ஊசி குத்துவது போன்ற உணர்ச்சி. அதுவும் ஒருவாறு நீங்கிற்று. நீங்காமல் நின்றது ஒன்று. அது சோர்வு. விடியலில் எழுந்து தண்ணீர் பிடித்துச் சமைத்து முடிப்பதற்குள் உடம்பின் சக்தி முழுவதும் வடிந்துவிடும். கோடை வெயிலில் விரல் நூலைப் பிடிக்காது. கால் படியில் இடறும். முகத்திலோ நோயின் குறி ஏதுமில்லை. உண்கிறாள், சிரித்துப் பேசுகிறாள், வேலை என்றால் மட்டும் களைப்பாம் என்று மாமியார் குறைகூறினார். அக்கம்பக்கத்தார் ஒருபடி மேலே போய், இது போன பிறவியின் வினை என்று தீர்ப்பே கூறிவிட்டனர்.

அவர் எம்மிடம் வந்து சொல்லி அழுதார். யாம் என்ன சொன்னோம்? பொறுமை பத்துப் பாரமிதைகளுள் ஒன்று, வீரியமும் அவற்றுள் ஒன்று, ஆகவே மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு இன்னும் ஒரு மணி முன்னதாக எழுந்து வேலையைத் தொடங்கம்மா என்றோம். அவர் எம் சொல்லை நம்பினார். அவ்வாண்டு வைசாக விழாவிற்குப் பாயசம் காய்ச்சும் பொறுப்பையும் தாமே ஏற்றார். வெயிலேறிய வேளையில் பெரிய அடுப்பின்முன் நின்று துழாவிக்கொண்டிருந்தவர், கரண்டி கைநழுவ, அப்படியே சாய்ந்தார். தூக்கிச் சென்றவர்களுள் யாமும் ஒருவர். தம்மத்தின் பெயரைச் சொல்லி ஒரு பெண்ணை அடுப்பின்முன் வீழ்த்தினோமே என்னும் எண்ணம் இன்றும் எம்மை விட்டு அகலவில்லை.

நோயின் இயல்பு

அதன் பிறகே மூளையையும் தண்டுவடத்தையும் எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, நரம்பு மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பது அப்பெயர். 1868ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரத்துச் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்க்கோ என்னும் மருத்துவர் இதனைத் தனி நோயாக விளக்கினார்.

ஆலையில் உழைத்த நம்மவர்க்கு இந்நோயை விளக்குவது எளிது. பாவு நூலைத் தறியில் ஏற்றுமுன் சைசிங் பகுதியிற் கஞ்சி ஊட்டுவோம் அல்லவா? அப்பூச்சு இருக்கும்வரை நூல் உராய்வைத் தாங்கும். பூச்சு உதிர்ந்த இடத்தில் பிசிர் எழும், சிக்கும், இறுதியில் அறும். நம் மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளுக்கும் மயலின் என்னும் ஓர் உறை உண்டு. அவ்வுறையினாலேயே மூளையின் கட்டளை கைக்கும் காலுக்கும் விரைந்து செல்லுகிறது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழிதவறி அவ்வுறையைத் தாக்கி அழிப்பதுதான் இந்நோய். அழிந்த இடங்களில் தழும்பு விழுந்து கெட்டிப்படுகிறது. கண் நரம்பைத் தாக்கினாற் பார்வை குறையும். தண்டுவடத்தைத் தாக்கினாற் கால் தளரும், சிறுநீரை அடக்க இயலாது போகும். மூளையிற் சில இடங்களைத் தாக்கினால் நினைவும் கவனமும் மெலியும். ஆதலின் ஒருவர்க்கு வந்தவாறே மற்றொருவர்க்கு வருவதில்லை.

பெரும்பாலும் 20 வயதிற்கும் 40 வயதிற்கும் இடையே இந்நோய் தொடங்குகிறது. ஆடவரினும் பெண்டிரிடத்து இரண்டு மடங்கிற்குக் குறையாமற் காணப்படுகிறது. உலகில் ஏறத்தாழ 28 இலட்சம் மக்கள் இதனோடு வாழ்கின்றனர் என்று 2020ஆம் ஆண்டிற் கணக்கிட்டனர். குளிர்நாடுகளில் மிகுதி; நம் நாட்டிற் குறைவு; ஆயினும் இங்கே இல்லாத நோயன்று. இது தொற்றுவதன்று. பலரிடத்துத் தொடக்கத்தில் தாக்குதலும் தணிவும் மாறிமாறி வரும். முற்றிலும் போக்கும் மருந்து இல்லை; தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் 1993ஆம் ஆண்டு முதல் ஒன்றன்பின் ஒன்றாக வந்துள்ளன.

இன்னும் ஒன்று கேளுங்கள். உறை இழந்த நரம்பு, உடற்சூடு சிறிது ஏறினாலும் செய்தியைச் சரிவரக் கடத்துவதில்லை. ஊத்தோஃப் என்னும் ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890ஆம் ஆண்டிலேயே இதனைக் கண்டு எழுதினார். சூடு தணிந்தால் பழைய நிலை மீளும். அடுப்பின்முன் அச்சகோதரியின் கை நழுவியது ஏன் என்பது இப்பொழுது விளங்குகிறது அல்லவா? அவருக்குக் குறைந்தது வீரியம் அன்று. வெயிலும் நெருப்பும் சேர்ந்து அவருடைய நரம்பின் வழியை அடைத்தன. அவரை அங்கே நிறுத்தியது எமது அறியாமை.

வினைப்பயனோ?

போன பிறவியின் வினை என்று அக்கம்பக்கத்தார் சொன்னதையும் விட்டுவிடலாகாது. மோளிய சீவகன் என்னும் துறவி பகவானிடம் வந்து, மனிதன் துய்க்கும் இன்பதுன்பம் அனைத்தும் முன்செய்த வினையாலேயே வருவன என்று சிலர் கூறுகின்றனரே, அது சரியோ என்று வினவினான். பகவான் அதனை ஏற்கவில்லை. பித்தத்தால் வரும் துன்பம் உண்டு. சிலேட்டுமத்தால் வருவது உண்டு. வாதத்தால் வருவது உண்டு. மூன்றும் கூடி வருவது உண்டு. பருவமாறுதலால் வருவது உண்டு. உடம்பை ஒழுங்கின்றி நடத்துவதால் வருவது உண்டு. வெளியிலிருந்து நேரும் தாக்குதலால் வருவது உண்டு. வினையால் வருவதும் உண்டு என எட்டினை எண்ணினார். எல்லாம் வினையே என்பார் தாமே அறியத்தக்கதையும் உலகம் ஒப்புவதையும் மீறிப் பேசுகின்றனர் என்றும் தெளிவுபடுத்தினார்.

வினை என்னும் சொல்லால் நம் முன்னோர் சேரிக்கு வெளியே தலைகாட்டாமல் அடக்கப்பட்டனர். அச்சொல்லை எடுத்து நாமே ஒரு பிணியாளர்மேல் வீசுவோமாயின், நாம் தம்மத்தைத் தழுவியதன் பயன் யாது? நரம்பின் உறை அழிந்தது. அதற்குக் காரணம் உடம்பில் இருக்கிறது. காரணம் உள்ளதை அறிவால் அணுகுவதே பௌத்தர் கடன்.

பகவான் நீர் ஊற்றினார்

இனிப் பகவானின் விடைக்கு வருவோம். இஃது விநய பிடகத்து மகாவக்கத்தில் உள்ள வரலாறு. ஒருநாள் பகவான் ஆனந்தரோடு பிக்குகளின் உறையுளைச் சுற்றி வருகையில், வயிற்றுக் கடுப்பால் வருந்திய ஒரு பிக்கு தம் கழிவிலேயே விழுந்து கிடக்கக் கண்டார். உமக்குப் பணி செய்வார் இலரோ என்று கேட்டார். இலர் என்றார் பிக்கு. ஏன் என்று வினவியதற்கு அவர் சொன்ன மறுமொழியை நாம் ஒவ்வொருவரும் நெஞ்சிற் பதித்தல் வேண்டும். யான் மற்றப் பிக்குகளுக்கு ஒன்றும் செய்ய இயலாதவன், ஆதலின் அவர்கள் என்னைப் பார்ப்பதில்லை என்றார் அவர்.

பயனற்றவன் என்னும் எண்ணம்! நோயினும் கொடிய நோய் அது. ஆலையில் இருந்தபொழுது நாம் எல்லோரும் அதனை அறிந்தோம். கை ஓடும்வரை ஆள். கை நின்றால் ஆளில்லை. அச்சகோதரியும் எம்மிடம் முதலிற் சொன்னது வலியை அன்று. இந்த வீட்டிற்கு நான் பாரமாகிவிட்டேன் என்பதையே.

பகவான் அப்பிக்குவிற்கு உபதேசம் செய்தாரோ? இல்லை. ஆனந்தரே, நீர் கொணர்க என்றார். பகவான் நீர் ஊற்ற, ஆனந்தர் கழுவினார். பகவான் தலைப்பக்கமும் ஆனந்தர் கால்பக்கமும் தாங்கி அவரைக் கட்டிலிற் கிடத்தினர். அதன் பின்னரே சங்கத்தைக் கூட்டி, உங்களுக்குத் தாய் இல்லை, தந்தை இல்லை, ஒருவரையொருவர் நீங்கள் பேணாவிடின் வேறு யார் பேணுவர் என்று இடித்துரைத்தார். தமக்குப் பணிசெய்ய விழைவோர் பிணியாளர்க்குப் பணிசெய்யுமாறு பணித்தார். முதலில் நீர், பின்னர்ச் சொல். யாம் நீரை மறந்து சொல்லை மட்டும் கொடுத்தோம்.

அவ்விடத்திலேயே, பேணுவதற்கு எளியராகும் பிணியாளர்க்கு ஐந்து இலக்கணங்களைப் பகவான் வகுத்தார். தமக்கு நன்மை தருவதைச் செய்தல் ஒன்று. நன்மை தருவதிலும் அளவறிதல் இரண்டு. மருந்து உட்கொள்ளுதல் மூன்று. நோயின் ஏற்றமும் இறக்கமும் நிலைபேறும் உள்ளவாறு எடுத்துரைத்தல் நான்கு. உடம்பிற்கு நேரும் துன்பத்தைப் பொறுத்தல் ஐந்து. பொறுத்தல் எங்கே நிற்கிறது, பாருங்கள்! ஐந்தாவதாக நிற்கிறது. அதனை யாம் முதலாவதாக நிறுத்தி, முன்னுள்ள நான்கையும் விழுங்கிவிட்டோம். இதுவே யாம் தலைகீழாகப் போதித்தது.

முதலாவது: நன்மை தருவதைச் செய்தல்

மருத்துவர் அச்சகோதரியை ஆக்குபேஷனல் தெரபி பிரிவிற்கு அனுப்பினார். தொழில்வழிச் சிகிச்சை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இத்துறையின் சங்கம் 1917ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் தோன்றிற்று. அதனை நிறுவியோருள் ஒருவரான ஜார்ஜ் பார்ட்டன் கட்டடக் கலைஞர். காசநோயாலும் இடப்பக்க வாதத்தாலும் வருந்தியவர். பிணியாளர் ஒருவரே வகுத்த வழி என்பதால் இதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. நம் நாட்டிற்கு இதனைக் கொணர்ந்தவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவிற் பிறந்து, இந்தியரை மணந்து, இந்நாட்டையே தம் நாடாக்கிக்கொண்ட அவ்வம்மையார் 1950ஆம் ஆண்டில் மும்பை பரேலில் உள்ள கே.ஈ.எம். மருத்துவமனையில் இதற்கென ஆசியாவின் முதற் பள்ளியைத் தொடங்கினார். ஆலைச் சங்கொலி கேட்ட அதே பரேலில், உழைக்கும் கையை மீட்கும் கல்வி தோன்றியது பொருத்தமே.

தொழில் என்றவுடன் கூலிவேலை என்று எண்ணற்க. நீராடுதலும் தொழில், உடுத்துதலும் தொழில், சோறு வடித்தலும், பிள்ளைக்குத் தலைவாருதலும், நூல் படித்தலும் தொழில்களே. மனிதன் எவற்றைச் செய்து தன் நாளை நிறைக்கின்றானோ அவை யாவும் தொழில். அவற்றுள் ஒருவர் இழக்க விரும்பாதவற்றை அவரிடம் திருப்பித் தருவதே இச்சிகிச்சையின் நோக்கம்.

அங்கிருந்த சிகிச்சையாளர் இளம் பெண். அவர் சகோதரியிடம், பொறுத்துக்கொள் என்று சொல்லவில்லை. விடிந்தது முதல் படுக்கும்வரை என்னென்ன செய்கிறீர்கள், எப்பொழுது சோர்வு வருகிறது என்று மணிக்கணக்காக எழுதச் செய்தார். அடுத்து, இவற்றுள் எதை விட்டால் நீங்கள் நீங்களாக இருக்கமாட்டீர்கள் என்று கேட்டார். சகோதரி சிந்தித்து, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவது என்றார். அருகிருந்த யாம் தலைகுனிந்தோம். இத்தனை ஆண்டுகளில் இவ்வினாவை யாம் கேட்டதில்லை.

இரண்டாவது: அளவறிதல்

சோணர் என்னும் பிக்குவின் கதையை அறிவீர்கள். செல்வக் குடியிற் பிறந்து மென்மையாக வளர்ந்தவர். துறந்தபின், உள்ளங்கால் வெடித்துக் குருதி கசியும்வரை நடந்து நடந்து பயின்றார். பயன் காணாமல் மனம் தளர்ந்தார். பகவான் அவரை அணுகி, வீட்டில் இருந்தபொழுது யாழ் வாசித்தீர் அல்லவா, நரம்பை மிக முறுக்கினால் இசை வருமா, மிகத் தளர்த்தினால் வருமா என்று கேட்டார். இரண்டிலும் வராது என்றார் சோணர். முயற்சியும் அவ்வாறே என்று பகவான் விளக்கினார். வீரியம் என்னும் பாரமிதைக்கும் அளவு உண்டு என்பது இதன் கருத்து.

தறியில் இருந்தோர்க்கும் இது தெரியும். பாவு மிக இறுகினால் இழை அறும். மிகத் தளர்ந்தால் துணி நெய்யாது. இந்நோயாளிகள் இவ்விரண்டு தவற்றிலும் மாறிமாறி விழுகின்றனர். உடம்பு சற்றுத் தெளிந்த நாளில், விட்டுப்போன வேலை அனைத்தையும் முடித்துவிட எண்ணி முறுக்குகின்றனர். மறுநாளும் அதற்கு மறுநாளும் எழ இயலாமற் கிடக்கின்றனர். வாரக்கூலி முழுவதையும் சனிக்கிழமை மாலையிலேயே செலவழித்துவிட்டு ஆறு நாள் கடன் வாங்கும் தொழிலாளியைப் போன்றது இது.

சிகிச்சையாளர் கற்பித்தது கூலியைப் பங்கிட்டுச் செலவழிக்கும் கலை. சோர்ந்தபின் இளைப்பாறுதல் போதாது. சோருமுன்னரே இளைப்பாறுதல் வேண்டும். பெரிய குடத்தில் ஒருமுறை சுமப்பதை விட்டுச் சிறு குடத்திற் பலமுறை கொள்ளுதல். அதிலும் பாதியைக் கணவர் சுமத்தல். காய் நறுக்குவதும் துணி மடிப்பதும் முக்காலியில் அமர்ந்தே செய்தல். அடிக்கடி எடுக்கும் பாத்திரங்களை இடுப்பளவு உயரத்தில் வைத்தல். கரண்டிக் காம்பிற்குத் துணி சுற்றித் தடிப்பாக்கிக்கொள்ளுதல். வெயிலேறுமுன் அடுப்பு வேலையை முடித்தல். கழுத்தில் ஈரத்துணி இட்டுக்கொள்ளுதல். மறதிக்கு ஒரு குறிப்பேடு. மருத்துவர் இசைந்த அளவான உடற்பயிற்சி. ஏனெனில் அறவே அசையாதிருப்பது நரம்பைத் தளர்த்திவிடுவது போன்ற மற்றத் தவறு.

இவை சிறு செய்திகள் என்று தள்ளற்க. இந்நோயுற்ற 169 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஓர் ஆய்வு 2005ஆம் ஆண்டில் வெளிவந்தது. சக்தியைச் சேமிக்கும் இப்பயிற்சியை வாரம் இரண்டு மணி நேரமாக ஆறு வாரம் பெற்றோர்க்குச் சோர்வின் கொடுமை குறைந்தது. தம்மால் இயலும் என்னும் நம்பிக்கையும் வளர்ந்தது. மனவுரம் என்பது பல்லைக் கடிப்பதால் வருவதன்று. இன்று இதனைச் செய்தேன், நாளையும் இதனைச் செய்ய வல்லேன் என்னும் சிறு சிறு அனுபவங்கள் சேர்ந்து அது விளைகிறது.

மூன்றாவதும் நான்காவதும்

மருந்து உண்ணுதல் மூன்றாவது. நம் இயக்கத்தின் முன்னோடியாகிய பண்டிதர் அயோத்திதாசரே தமிழ் மருத்துவர். பிணிக்கு மருந்தே தேடினார். பிரித் ஓதுவதும் நூல் கட்டுவதும் மனத்திற்கு ஆறுதல் தரலாம். அவை மருந்தின் இடத்தைப் பிடிக்கலாகா. இந்நோயில் மருந்தை விரைவிற் தொடங்குவது நன்று. உடம்பு தெளிந்துவிட்டதென்று தாமே நிறுத்துவது தீது. தாக்குதல் தணிந்த காலத்திலும் மருந்துக்கு வேலை உண்டு.

உள்ளவாறு உரைத்தல் நான்காவது. நம் பெண்களுக்கு இது கடினம். கால் மரமரத்தால் ஒன்றுமில்லை என்பர். சிறுநீர் அடங்காவிடின் நாணத்தால் மறைப்பர். மனம் இருண்டாற் சொல்லவே மாட்டார். மனச்சோர்வு இந்நோயோடு பலர்க்கு வருவதொன்று. அதற்கும் சிகிச்சை உண்டு. இன்று என்னிடம் இவ்வளவே சக்தி இருக்கிறது என்று சொல்வது பலவீனம் அன்று. பகவான் வகுத்த இலக்கணம். ஆயின் உரைப்பவர்க்குச் செவிகொடுப்பார் வேண்டுமே! சோம்பல் என்று பட்டம் சூட்டும் வீட்டில் எந்தப் பிணியாளர் உண்மை பேசுவார்?

ஐந்தாவது: பொறுத்தல்

நான்கும் நிறைந்த பின்னரும் எஞ்சும் துன்பம் உண்டு. அதற்கே பொறுமை. அம்பு பட்ட ஒருவனை இரண்டாம் அம்பும் தைத்தாற்போல, உடம்பின் நோவோடு மனத்தின் நோவையும் சேர்த்துத் துய்க்கின்றனர் கல்லாதார் என்று பகவான் உரைத்தார். முதலம்பு நரம்பிற் பட்டது. அதனை முற்றும் பிடுங்க இன்று வழியில்லை. நான் பயனற்றவள் என்பது இரண்டாம் அம்பு. அதனைப் பெரும்பாலும் எய்பவர் யார்? வீட்டாரும் அயலாரும் எம்போன்ற போதகரும் அல்லவா? முதுமையால் நைந்த நகுலபிதாவிற்குப் பகவான் கூறியதும் இதுவே. உடம்பு நோயுற்றாலும் மனம் நோயுறாதிருக்கப் பயில்க என்றார். உடம்பை வருத்துக என்று கூறவில்லை.

ஜாக்குலின் டு பிரே என்னும் ஆங்கில மாது செல்லோ என்னும் நரம்பிசைக் கருவியில் உலகப் புகழ் பெற்றவர். அவருடைய விரல்களின் உணர்ச்சி குன்றிற்று. 1973ஆம் ஆண்டில், 28ஆம் வயதில், இந்நோய் என்று கண்டனர். கருவியை மீட்டும் தொழில் நின்றது. ஆயினும் உடம்பு இடந்தந்த ஆண்டுகளில் அவர் மாணவர்க்கு அக்கலையைக் கற்பித்தார். 1987ஆம் ஆண்டில், 42ஆம் வயதில் மறைந்தார். நோய் அவரிடமிருந்து பறித்தது பெரிது. அதனைச் சிறிது என்று சொல்லி ஆறுதல் கூறுவது பொய்யாகும். ஆயினும் எஞ்சியதைக் கொண்டு பிறர்க்குப் பயன்படும் வழி ஒன்றை அவர் கண்டார். மீண்டெழுதல் என்பது பழைய நிலைக்கே திரும்புதல் அன்று; எஞ்சியதைக் கொண்டு இசைவதொரு வாழ்வை அமைத்தல்.

சங்கத்தின் கடன்

பிணியாளர்க்கு இலக்கணம் வகுத்த பகவான், பேணுவார்க்கும் ஐந்து வகுத்தார். மருந்து அமைக்க வல்லராதல். நன்மை தருவதைக் கொணர்ந்து தீமை தருவதை அகற்றுதல். கைம்மாறு கருதாத அன்பு. கழிவிற்கு அருவருப்புக் கொள்ளாமை. உரிய காலத்திற் தம்மம் உரைத்து மகிழ்வித்தல். இங்கும் உரைத்தல் ஐந்தாவதாகவே நிற்கிறது!

ஆதலின் நாம் செய்யத்தக்கவை சில. விகாரையிற் பாய்மட்டும் போதாது. சாய்ந்து அமர நாற்காலி சில வேண்டும். கோடைக் கூட்டங்களைக் காலை இளவெயிலுக்கு முன் முடித்தல் வேண்டும். படியேற இயலாதார் வீட்டிற்கு நாமே சென்று பௌர்ணமி வந்தனை செய்தல் வேண்டும். கணவன்மார் குடம் தூக்குவதும் பாத்திரம் துலக்குவதும் இழிவன்று. பகவானே நீர் ஊற்றினார்.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன. புதிய சட்டம் 21 வகைகளை ஏற்றது. இந்நோயும் அவற்றுள் ஒன்று. அரசுப் பணியில் இருக்கும்போது ஒருவர்க்கு இக்குறைபாடு நேர்ந்தால், அதனைக் காரணமாக்கி அவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவியிற் தாழ்த்தவோ அச்சட்டம் இடந்தரவில்லை. சான்றிதழ் பெறத் துணை வேண்டுவோர்க்கு நம் இளைஞர் துணைநிற்க வேண்டும். 1985ஆம் ஆண்டில் தொடங்கிய இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கமும் பல நகரங்களில் இந்நோயாளர்க்குத் துணை செய்கிறது.

அன்பர்களே! அச்சகோதரி இன்றும் நோயோடுதான் இருக்கின்றார். ஒருகை கோலை ஊன்றுகிறது. சில ஞாயிறுகளில் வர இயலுவதில்லை. இயலவில்லை என்று முன்னிரவே சொல்லி அனுப்புகின்றார். சனிக்கிழமை மாலை வேலையைக் கணவரும் மூத்த மகனும் பார்த்துக்கொள்கின்றனர். குடத்தை முதலில் எடுத்தவர் மாமியார் என்பதையும் சொல்லவேண்டும். வரும் ஞாயிறுகளில் மின்விசிறியின் கீழ் நாற்காலியில் அமர்ந்து, இருபது நிமிடம் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகின்றார். இருபது நிமிடம் ஆனவுடன் நூலை மூடிவிடுகின்றார். இன்னும் ஒரு கதை என்று பிள்ளைகள் கெஞ்சினாலும் சிரித்துக்கொண்டே, அடுத்த வாரம் என்கின்றார். அளவறிதல் என்னும் இரண்டாவது இலக்கணத்தை யாம் நூலிற் படித்தோம், அவரிடத்துக் கண்டோம்.

பிணியுற்றோர் தம் அளவறிந்து வாழ்வாராக! பேணுவோர் முதலில் நீரும் பின்னர்ச் சொல்லும் கொடுப்பாராக! ஒருவரும் தம்மைப் பயனற்றவர் என்று எண்ணாத சங்கமாக நம் சங்கம் விளங்குவதாக!

சாது! சாது! சாது!